சித்திரைக்கனி அன்று 60 பேருக்கு ஃப்ரூட் சாலட்: கசக்காமல், நீர் விடாமல் செய்வது எப்படி?

அப்புச்சிவீடு | மார்ச் 29, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு. நாங்கள் கோவையில் இருந்தாலும் சித்திரை ஒன்றாம் தேதிக்கு எல்லோரும் அங்கே கூடிவிடுவோம். மாமாக்கள், சித்திகள், பிள்ளைகள், பாலக்காட்டில் பெண் கொடுத்த வீட்டுச் சொந்தம் என்று 60 பேருக்குக் குறையாது. அமுச்சி (அம்மாவின் அம்மா) முதல்நாள் ராத்திரியே கண்ணாடி முன்னால் கனி வைத்துவிடுவார். பாலக்காட்டு அத்தைகளுக்கு அது விஷுக்கணி. கொன்றைப்பூவும் கணிவெள்ளரியும் அவர்கள் கொண்டு வருவார்கள். மாம்பழம், பலா, வாழைத்தார் எல்லாம் எங்கள் பக்கத்துச் சீர்.

மதியச் சாப்பாட்டுக்கு மேல் பாயசம் யாருக்கும் இறங்குவதில்லை என்று, போன வருடம் கனிப் பழங்களை வைத்து ஃப்ரூட் சாலட் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்குப் பாலைக் காய்ச்சி, கஸ்டர்ட் பவுடர் கரைத்து ஊற்றி, ஆறவைத்து, எல்லாப் பழத்தையும் அரிந்து ஒரே அண்டாவில் கொட்டி, அஸ்கா சர்க்கரையும் (வெள்ளைச் சர்க்கரை) போட்டுக் கலந்தேன். நாலு மணிக்கு மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சாண் தண்ணீர். வாழைப்பழம் கறுத்துவிட்டது. வாயில் வைத்தால் கசப்பு. அமுச்சி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அத்தனையும் கழனித்தொட்டிக்குப் போனது. கனியில் வைத்துக் கும்பிட்ட பழம் என்பதால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த வருடமும் நானே செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கே தப்பு நடந்தது, என்ன மாற்ற வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தான் | மார்ச் 29, காலை 8.15

அக்கா, முதலில் கஸ்டர்டை விடுங்க. சித்திரை மாதத்துப் பழத்துக்குப் பால் எதற்கு?

பேக்கரி மாஸ்டர் | மார்ச் 29, காலை 10.05

கஸ்டர்ட் மேல் குற்றம் இல்லை. அன்னாசியைப் பச்சையாகப் போட்டீர்களா? கசப்பு அங்கிருந்துதான் வந்திருக்கும்.

அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, புரோமெலைன் என்று பெயர். பாலில் இருக்கும் புரதத்தை அது உடைக்க உடைக்கக் கசப்பு ஏறும். அன்னாசித் துண்டை அதிகம் தின்றால் நாக்கு பிய்த்துக்கொண்ட மாதிரி எரிகிறதே, அதிலும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. பப்பாளியில் பப்பைன் என்று இன்னொன்று. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டைப் போடுவோம் இல்லையா, அதே வேலையைப் பாலிலும் காட்டும். கிவிப் பழத்திலும் இந்த மாதிரி ஒன்று உண்டு. பத்து மணிக்குக் கலந்து நாலு மணி வரை வைத்தால் ஆறு மணி நேரம் அது பாலைத் தின்றிருக்கும்.

வழி சுலபம். அன்னாசியைச் சிறு துண்டாக்கி, ஒரு கை சர்க்கரை போட்டு, அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆறியபின் பாலோடு சேர்த்தால் கசக்காது. டின்னில் வரும் அன்னாசி கஸ்டர்டில் கசக்காததற்கும் இதுதான் காரணம், அது ஏற்கெனவே வெந்தது. ஜெல்லி செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஜெலட்டின் புரதம் என்பதால் பச்சை அன்னாசி போட்டால் உறையவே உறையாது. கடற்பாசியில் செய்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

கஸ்டர்ட் பவுடர் என்பது சோளமாவும் நிறமும் வெனிலா வாசனையும்தான். முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பர்ட் என்பவர் 1837ல் முட்டையில்லாமல் உண்டாக்கியது. நம் வீடுகளில் தைரியமாகப் பயன்படுத்த முடிகிறது என்றால் அதனால்தான். லிட்டர் பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி போதும், தளரத் தளர இருக்க வேண்டும்.

அப்புச்சிவீடு | மார்ச் 29, காலை 11.30

ஆமாங்க மாஸ்டர், பச்சையாகத்தான் போட்டேன். பப்பாளியும் போட்டேன். இரண்டும் சேர்ந்திருக்கிறது! அடியில் நின்ற தண்ணீர் எதனால்?

பேக்கரி மாஸ்டர் | மார்ச் 29, காலை 11.50

சர்க்கரையால். அரிந்த பழத்தின் மேல் சர்க்கரையோ உப்போ பட்டால் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு தர்பூசணியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். தர்பூசணியைக் கலவையில் சேர்க்காதீர்கள், கீற்றுப் போட்டுத் தனித் தட்டில் வையுங்கள்.

முதலமடைத் தோப்பு | மார்ச் 29, இரவு 9.20

மாம்பழத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாங்காய்களில் எங்கள் முதலமடையும் உண்டு. தை மாதமே பெட்டி ஏற ஆரம்பித்துவிடும். சித்திரைக்கு நல்ல பழம் கிடைக்கும், ஆனால் நீங்கள் 13ஆம் தேதி கடைக்குப் போனால் கிடைக்காது. எல்லா வீட்டிலும் கனி வைப்பதால் அந்த இரண்டு நாளில் எந்தப் பழமும் மஞ்சளாகக் கடைக்கு வந்துவிடும். கல் வைத்த பழம், அதாவது கார்பைடு வைத்தது, நடுவில் வர வாய்ப்பு அதிகம். கார்பைடு வைப்பதை இந்தியாவில் சட்டமே தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயு அறையில் முறையாகப் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு. கல் வைத்த பழம் மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருக்கும், காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் வாசனை இருக்காது, அரிந்தால் கொட்டையை ஒட்டி வெளிறிப் புளிக்கும்.

ஆகையால் 7 அல்லது 8ஆம் தேதியே முற்றின காயாக வாங்கிவிடுங்கள். முற்றியதற்கு அடையாளம், காம்பு இறங்கும் இடத்தில் தோள் இரண்டு பக்கமும் தூக்கிக் குழி விழுந்திருக்கும். காம்பைக் கிள்ளும்போது பால் பீய்ச்சும், முகத்துக்கு நேரே வைத்துக் கிள்ளாதீர்கள், பட்ட இடம் வெந்து புண்ணாகிவிடும். கிள்ளியதும் காயைச் சாக்கின் மேல் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டு, கழுவி, துடைத்து, அறை மூலையில் வைக்கோல் பரப்பி ஒரு அடுக்கு காய், மேலே வைக்கோல் என்று வையுங்கள். கதவைச் சாத்தி வைத்தால் ஐந்தாறு நாளில் பதம் வரும். நடுவில் தினமும் ஒருமுறை தடவிப் பார்த்து, முதலில் பழுத்ததை எடுத்துவிட வேண்டும். பழுக்காததை ஃபிரிட்ஜில் வைத்தால் அப்புறம் அது பழுக்கவே பழுக்காது, தோல் மட்டும் சுருங்கும்.

சாலடுக்கு எந்த ரகம் என்றால் பங்கனப்பள்ளி. நார் கிடையாது, அரிந்தால் மூலை மூலையாக நிற்கும். செந்தூரம் வாசனைக்கு நாலு சேர்க்கலாம், குழைந்துவிடும் என்பதால் பாதிக்கு மேல் வேண்டாம். நாட்டு மாம்பழத்தைக் கலவையில் போடாதீர்கள். அது சப்பிச் சாப்பிட வேண்டிய பழம், இல்லையென்றால் உங்கள் பாலக்காட்டு அத்தைகளிடம் கொடுங்கள், புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி) வைத்துவிடுவார்கள். கிளிமூக்கு செங்காயாகக் கிடைத்தால் பிள்ளைகளுக்குத் தனியாக மிளகாய்த்தூள் உப்போடு வையுங்கள்.

அரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தோலில் ஒட்டியிருக்கும் பால் பிசின் போகும், பழமும் உள்வரை ஆறும்.

பனங்காட்டுக்காரர் | மார்ச் 30, காலை 6.55

நுங்கை மறந்துவிடாதீங்க. நம் பக்கம் சித்திரையில் நுங்கு இல்லாத கூட்டமா? இளசாகப் பார்த்து, தோல் உரித்து, நாலாக நறுக்கி, பரிமாறும்போது மேலே போடுங்க. முன்கூட்டியே போட்டால் வதங்கிவிடும்.

செங்கோட்டைச் சித்தி | மார்ச் 30, காலை 9.30

இளநீர் வழுக்கையும் இதே மாதிரிதான். நாங்கள் குற்றாலச் சாரல் காலத்தில் செய்வோம், அப்போது குளிர்ச்சிக்குக் கவலையில்லை. உங்களுக்குச் சித்திரை வெயில், அதனால் ஒன்று சொல்கிறேன். பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாருங்கள். முதல் பால் மட்டும், கெட்டியாக. நாட்டுச்சர்க்கரை கரைத்து வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டால் எந்தப் பழத்துக்கும் பொருந்தும். பசும்பாலைப் போல அன்னாசி பட்டதும் கசந்துபோகாது, நான் பலமுறை செய்திருக்கிறேன். சூட்டில் சீக்கிரம் கெடும் என்பது ஒன்றுதான் தொல்லை. பிழிந்த உடனே குளிரில் வைத்துவிட வேண்டும்.

வேலந்தாவளத்தான் | மார்ச் 30, காலை 9.42

சித்தி சொன்னது அருமை. இதுதான் நம்ம ஊர்ச் சாலட்.

பழனிப் பாதயாத்திரை | மார்ச் 30, மதியம் 1.10

பழத்தைக் கெடாமல் வைப்பதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்தது பஞ்சாமிர்தம். விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடப் பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீங்கள் ஏன் வாழைப்பழத்தைச் சாலடில் போட்டுக் கறுக்கவிட வேண்டும்? கனியில் வைத்த வாழையை மட்டும் பஞ்சாமிர்தமாகப் பிசைந்து, ஆளுக்கு ஒரு கரண்டி தனியே கொடுங்கள். பிசைந்து நாலு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் ஆகாது.

அப்புச்சிவீடு | மார்ச் 30, இரவு 8.00

இது எனக்குத் தோன்றவே இல்லை. அமுச்சியிடம் போனில் சொன்னேன், வாழைக்கு அதுதான் சரி என்று உடனே ஒத்துக்கொண்டார்.

பலாவில்தான் வீட்டில் இரண்டு கட்சி. மாமா தோட்டத்தில் ஒரு வருக்கை மரம் (சுளை கெட்டியாக இருக்கும்), ஒரு கூழன் மரம் (சுளை குழைவாக இருக்கும்) இருக்கிறது. கண்டிப்பாகப் பலா இருக்க வேண்டும் என்கிறார் மாமா. சித்தி, அது வந்தால் மற்ற எந்தப் பழமும் வாயில் தெரியாது என்கிறார்.

மார்த்தாண்டத்து மாமி | மார்ச் 31, காலை 7.15

மாமா சொல்வதே நியாயம். முக்கனியில் ஒன்றை விட்டுவிட்டு சித்திரைக்கனி என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டுக்கும் அதுதான் மாநிலப் பழம், கேரளமும் 2018ல் பலாவைத்தான் மாநிலப் பழமாக அறிவித்தது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடும் வீட்டில் அதைத் தவிர்ப்பது சரியில்லை. வருக்கைச் சுளையை நீளவாக்கில் தீக்குச்சி கனத்துக்கு அரிந்து போடுங்கள், மொறுமொறுப்பாக நிற்கும். கூழன் வேண்டாம், குழகுழவென்று எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

பேக்கரி மாஸ்டர் | மார்ச் 31, காலை 9.00

மாமி, மன்னிக்கணும், இதில் நான் சித்தி பக்கம். பலா வாசனை மூடிய பாத்திரத்துக்குள் மாம்பழத்தை அமுக்கிவிடும். அரை மணி நேரம் சேர்ந்திருந்தாலே போதும். முதலமடைக்காரர் இவ்வளவு பக்குவம் சொல்லிப் பழுக்கவைக்கச் சொன்ன பங்கனப்பள்ளி எதற்கு ஆகும்?

மார்த்தாண்டத்து மாமி | மார்ச் 31, காலை 9.25

அரை மணி நேரம் எதற்குச் சேர்ந்திருக்கணும்? பரிமாறும் கிண்ணத்தில் மேலே தூவட்டும். வேண்டாதவர்களுக்குத் தூவ வேண்டாம்.

பேக்கரி மாஸ்டர் | மார்ச் 31, காலை 9.31

அப்படியென்றால் எனக்கும் சம்மதம்.

செவிலி, சித்தூர் | மார்ச் 31, இரவு 10.40

டியூட்டி முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். சுவையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் வயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். கோடை விசேஷம் முடிந்த மறுநாள் வார்டு எப்படி இருக்கும் என்று பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிந்த பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் பாலக்காட்டுக் கணவாயில் சித்திரை வெயில் 38ஐச் சாதாரணமாகத் தொடும். காலையில் அரிந்து மாலையில் கொடுப்பது, பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், கூடவே கூடாது. போன வருடம் கசந்ததால் யாரும் சாப்பிடவில்லை. கசக்காமல் இருந்திருந்தால் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள், பிள்ளைகள் உட்பட. அதை நினைத்தால் கசந்ததே நல்லது.

பழத்தை முழுசாக இருக்கும்போதே கழுவ வேண்டும், ஓடும் தண்ணீரில். முலாம்பழத்தின் மேல் வலை மாதிரி இருக்கும் தோலில் அழுக்கு தங்கும், அதைத் தேய்த்துக் கழுவாமல் கத்தி வைத்தால் கத்தியோடு உள்ளே போகும். கறி, மீன் அரிந்த பலகையையும் கத்தியையும் அன்று தொடவே வேண்டாம். குளிர்ச்சிக்காக ஐஸைப் பழத்துக்குள் போடாதீர்கள். மீனுக்குப் போடும் பாளம் பாளமான ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்காது. பெரிய அண்டாவில் ஐஸைப் போட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

அடுத்தது, மரத்தடியில் விழுந்த பழம், கடித்த தடம் இருக்கும் பழம் எதுவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நாங்கள் வீடு வீடாகச் சொன்னது இதைத்தான். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது. தோட்டத்து வீட்டில் பிள்ளைகள் காலையில் ஓடிப்போய் மாம்பழம் பொறுக்குவார்கள். கடிபட்டதைத் தூக்கிப்போடச் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டத்தில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழகுக்காக நட்சத்திரப்பழம் வட்டம் போட்டு மேலே வைக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. மலையாளத்தில் சதுரப்புளி என்பார்கள், தோட்டத்து வீடுகளில் மரமே நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதில் ஒரு துண்டுகூட ஆகாது. விக்கல், மனக்குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான், பொட்டாசியம் அதிகம். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொய்யாவும் பப்பாளியும் சிறு கிண்ணத்தில் தனியாக வையுங்கள், அவர்களும் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அப்புச்சிவீடு | ஏப்ரல் 1, காலை 6.30

அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. பெரிய மாமா வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார். கிணற்றடியில் சதுரப்புளி மரம் நிற்கிறது. நான் அதைத்தான் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி மேலே அடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். கை நடுங்குகிறது. அந்த மரத்துப் பக்கமே போகமாட்டேன்.

செவிலி, சித்தூர் | ஏப்ரல் 1, காலை 7.05

பயப்படாதீங்க, இப்போதே தெரிந்தது நல்லது. மாமாவுக்கு என்ன பழம், எவ்வளவு என்று அடுத்த தடவை போகும்போது அவருடைய டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யூகத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

பந்திக்காரர் | ஏப்ரல் 1, இரவு 7.45

கணக்கை யாரும் சொல்லவில்லை. நான் 22 வருடமாக விசேஷச் சமையல் எடுத்துச் செய்கிறேன், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரம்.

வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்கு மாலையில் ஆளுக்கு 175 கிராம் போதும். 60 பேருக்குப் பத்தரைக் கிலோ அரிந்த பழம். வாங்கும் எடை வேறு, அரிந்த எடை வேறு, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மாம்பழத்தில் தோலும் கொட்டையும் போனால் மூன்றில் இரண்டு பங்குகூட நிற்காது. அன்னாசியில் பாதிக்குப் பாதி. மாதுளையும் அப்படியே. பலாவில் முழுப் பழ எடையில் மூன்றில் ஒரு பங்கு சுளை வந்தால் நல்ல பழம்.

வாழை இல்லை என்று முடிவானதால் என் கணக்கு இது. மாம்பழம் அரிந்து நாலரைக் கிலோ வேண்டும், ஏழரைக் கிலோ வாங்குங்கள். பப்பாளி இரண்டு கிலோவுக்கு மூன்று கிலோ. அன்னாசி ஒன்றரைக் கிலோவுக்கு மூன்று கிலோ, அதாவது இரண்டு மூன்று பழம். விதையில்லாத திராட்சை ஒரு கிலோ. மாதுளை முத்து அரைக்கிலோவுக்கு ஒரு கிலோ பழம். மாமாவின் வருக்கையில் சுளை ஒரு கிலோ. சரியாகப் பத்தரை. தர்பூசணி, நுங்கு, பஞ்சாமிர்தம் இதற்கு வெளியே.

அன்னாசி நம் சந்தைகளில் இறங்குவது பெரும்பாலும் வாழக்குளத்துச் சரக்கு, நல்ல பழம், 2009லேயே புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் பறித்தபின் அன்னாசி இனிப்பு ஏறாது. திராட்சை, மாதுளை, தர்பூசணியும் அப்படித்தான். வீட்டில் வைத்துப் பழுக்கட்டும் என்று வாங்காதீர்கள், வாங்கும்போதே அடியில் வாசனை வர வேண்டும்.

இரும்பு அரிவாள்மணையில் பழம் அரிய வேண்டாம். காய்கறிக்கு அதுபோல வராது, ஆனால் பழத்தில் கறுப்பு ஏறும், வாயிலும் இரும்பு தட்டும். எவர்சில்வர் கத்தி நாலு வாங்கித் தீட்டி வையுங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். துண்டு ஒரு விரல்கணு அளவு. அதற்குக் கீழே போனால் சாறாகிவிடும். நாலு பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் முடியும். எலுமிச்சை கிலோவுக்குப் பாதி மூடி பிழிந்தால் நிறமும் நிற்கும், சுவையும் எடுப்பாகும். சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

அப்புச்சிவீடு | ஏப்ரல் 2, காலை 8.20

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். கஸ்டர்ட் இல்லை. ஆப்பிள் இல்லாமல் சாலடா என்று என் மகள் கேட்கிறாள். தோட்டத்தில் இத்தனை பழம் தொங்கும்போது மெழுகு பூசிய ஆப்பிளை ஊர் தாண்டிக் கொண்டுவர எனக்கு மனமில்லை, அவளுக்கு மட்டும் ஒன்று முழுசாக வாங்கிக் கொடுக்கிறேன். மாங்காய் எட்டாம் தேதி முதலமடையில் வாங்கப் போகிறோம். முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

அப்புச்சிவீடு | ஏப்ரல் 15, காலை 10.10

முடிந்தது. ஒரு துண்டு மிஞ்சவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாங்காயை மச்சு அறையில் வைக்கோலில் வைத்தோம். மூன்றாம் நாள் வரை ஒன்றும் தெரியவில்லை, எனக்கு அடிவயிறு கலங்கியது. ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்தபோது வாசனை வந்து முகத்தில் மோதியது. தடவிப் பார்த்ததில் 30 பழம் பதம், நாலு மட்டும் காம்பில் அழுகல், தள்ளிவிட்டோம். நல்லதில் ஒன்பதை அமுச்சி கனித்தட்டுக்கு எடுத்துக்கொண்டார். காலை கனி பார்த்து, கைநீட்டம் (பெரியவர்கள் தரும் காசு) கொடுத்து முடிந்ததும் அந்த ஒன்பதும் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டது.

பெரிய மாமாவின் டாக்டர், ஆப்பிளோ அன்னாசியோ ஒரு சிறு கிண்ணம், வேறு எதுவும் வேண்டாம், சாறு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மகளுக்கு வாங்கிய ஆப்பிளில் பாதி அப்படிச் செலவானது. மாமாவும் எங்களோடு திண்ணையில் உட்கார்ந்து கையில் கிண்ணம் வைத்திருந்ததே எனக்கு நிறைவு.

இரண்டே முக்காலுக்கு அரிய உட்கார்ந்தோம். நான், சின்ன சித்தி, பாலக்காட்டு அத்தைகள் இரண்டு பேர். ஒவ்வொரு பழமும் தனித்தனி எவர்சில்வர் பாத்திரத்தில், அரியவரிய ஐஸ் அண்டாவுக்குள் இறக்கினோம். அத்தை மாம்பழத்தைத் தோல் சீவிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காம்பிலிருந்து தொடங்கி ஒரே சுருளாக, அறாமல், மடியில் வளையமாக விழுந்தது. கொட்டையைச் சுற்றி நின்ற சதையை யாரும் வீணாக்கவில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு மாம்பழம், பப்பாளி, அன்னாசி, திராட்சை, மாதுளை ஐந்தையும் ஒன்றாகப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கரண்டி போடாமல் பாத்திரத்தைக் குலுக்கிக் கலந்தேன். பலாவைத் தனித் தட்டில் வைத்தோம், கேட்டவர்களுக்கு மட்டும் மேலே தூவினோம். மார்த்தாண்டத்து மாமி, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், 60 பேரில் பத்துப் பேர்தான் வேண்டாம் என்றார்கள். நுங்கு மேலே. பாதிப் பேருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி, மீதிப் பேருக்கு வெறும் பழமாகக் கொடுத்தோம். தேங்காய்ப்பாலும் அன்னாசியும் சேர்ந்ததில் சித்தி சொன்னது போலவே கசப்பே இல்லை. நாலேகாலுக்கெல்லாம் பாத்திரம் காலி.

தேங்காய்ப்பால் ஊற்றாத கிண்ணம்தான் அமுச்சி எடுத்தது. ஓரத்தில் இருந்த மாம்பழத் துண்டை முதலில் தனியாகச் சாப்பிட்டார், அப்புறம் பப்பாளி, அப்புறம் அன்னாசி. "மாம்பழம் மாம்பழமாவே இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். போன வருடம் கீழே வைத்த அதே டம்ளர் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே குறை, மாதுளை முத்தை முன்கூட்டியே உதிர்த்து வைத்திருக்கலாம். கடைசி நேரத்தில் அதுதான் இழுத்தது. அதைக் காலையிலேயே உதிர்த்துக் குளிரில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று பந்திக்காரர் அண்ணன் சொல்லியிருப்பார், நான்தான் கேட்கவில்லை.

முதலமடைத் தோப்பு | ஏப்ரல் 15, காலை 11.00

படித்ததும் மனசு நிறைந்தது. காம்பில் அழுகிய நாலும் பறிக்கும்போது கீழே விழுந்து அடிபட்டதாக இருக்கும். அடுத்த வருடம் வலையில் பறித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கொல்லங்கோட்டு மருமகள் | ஏப்ரல் 15, மாலை 4.50

அக்கா, வைகாசியில் எங்கள் வீட்டில் காதுகுத்து. தேங்காய்ப்பால் எவ்வளவு பிழிந்தீர்கள், எத்தனை பேருக்கு ஊற்றினீர்கள்?

அப்புச்சிவீடு | ஏப்ரல் 15, மாலை 5.15

30 பேருக்கு ஒன்றரை லிட்டர் முதல் பால், ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி. முற்றின தேங்காய் ஒன்பது ஆனது. வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர் டம்ளராகத் தெளித்து அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்தோம். நாட்டுச்சர்க்கரை 200 கிராம், ஏலக்காய் பத்து. மூன்று மணிக்குப் பிழிந்து நேரே ஐஸில் வைத்தோம், அதற்கு முன்னால் பிழிந்துவிடாதீங்க. இரண்டாம் பால் சேர்த்தால் நீர்த்துவிடும், அதை ராத்திரிக் குழம்புக்கு எடுத்து வையுங்க.